பெயர் எழுதாத கவர்

காலை எட்டு மணி பத்து நிமிடம். மருந்தகச் சன்னலின் கதவை உள்பக்கமாக இழுத்துத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. வாசலில் நின்ற ஆட்டோவின் பக்கக் கம்பியை அது பிடிக்க முயன்றுகொண்டிருந்தது. விரல்கள் கம்பியில் பட்டன, விலகின, மறுபடி பட்டன. பயத்திலோ குளிரிலோ வரும் நடுக்கம் சிறியது, வேகமானது. இது பெரிய நடுக்கம். மணிக்கட்டில் தொடங்கித் தோள்வரைக்கும் போனது. ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அது எந்த மருந்தின் நடுக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த பெண் தெய்வானை. கையிலிருந்த சீட்டைச் சன்னலுக்குள் நீட்டினார்.

"இன்னிக்கு வியாழக்கிழமைக்கா. அவரு மாத்திர" என்றார்.

விருத்தாசலத்தில் ஒரு டிரஸ்ட் நடத்திய சிறிய மருத்துவமனையில் முப்பத்தோரு ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தேன். பெயர் வேண்டாம், அது இப்போது வேறு கை மாறிவிட்டது. சென்ற மாதம் மருந்தாளுநர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தபோது இளம் பெண் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இப்போது கம்ப்யூட்டரே மருந்தின் பெயரை அச்சடித்துக் கவரில் ஒட்டிவிடுகிறது, மனநல மருந்து வாங்குகிறவர்கள் அந்த ஸ்டிக்கரைக் கிழித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள், கிழிக்கலாமா என்று. அன்று நான் பதில் சொல்லவில்லை. டீ வந்தது, பேச்சு மாறிவிட்டது. இந்தப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டதால் அந்தப் பதிலை எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டிப்ளமோ இரண்டு வருஷம், ஒரு மெடிக்கல் கடையில் பயிற்சி. உண்மையில் வேலை கற்றது கனகசபை சாரிடம். அவர்தான் எங்கள் தலைமை மருந்தாளுநர். நோயாளிகளுக்கு அவரைப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. வேலை நேரத்தில் உட்காரமாட்டார். தயிர்சாதத்தைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுவார். நன்றாகச் செய்தாய் என்று யாரிடமும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

எங்கள் டிரஸ்ட் செலவைக் குறைப்பதற்காக மாத்திரைகளை அட்டையில் வாங்காது. ஆயிரம் மாத்திரை கொண்ட டப்பாக்களில் உதிரியாக வரும். தட்டில் கொட்டி, தகட்டால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணிப் பழுப்புக் காகிதக் கவரில் போடுவோம். கவரில் நான்கு விஷயம் எழுத வேண்டும் என்பது கனகசபை சாரின் சட்டம்: ஆள் பெயர், மருந்தின் பெயர், அளவு, வேளை. எழுதி முடித்ததும் அதை அவர் உரக்கப் படிப்பார். "முருகேசன். குளோர்புரோமசின். ராத்திரி ஒண்ணு." வராந்தாவில் வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கும். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கடலூரிலிருந்து மனநல டாக்டர் வருவார். அன்று மட்டும் அந்தக் குரல் எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருக்கும். மெதுவாகப் படிக்கக் கூடாதா சார் என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, "பேரு தெரியாத மாத்திரைய வாங்கிட்டுப் போயி என்ன பண்ணுவீங்க, தாயக்கட்டை ஆடுவீங்களா?" என்றார்.

லித்தியம் வாங்குகிறவர்களிடம் மட்டும் இன்னொன்று செய்வார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின்மேல் ஒரு ஓ.பி. சீட்டை வைப்பார். சீட்டின் ஓரம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார். லேசாக ஆடினால் சரி. படபடத்தால் மாத்திரை கிடையாது, டாக்டரிடம் போக வேண்டும். பித்துப்போல் மனம் ஏறுவதையும் பாதாளத்தில் இறங்குவதையும் நிறுத்தி வைக்கிற மருந்து லித்தியம். அதில் குணம் தருகிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. ஆள் நேரில் வராமல் வேறு யாராவது வந்தால் ஒரு மாதம் கொடுப்பார், அடுத்த மாதம் கொடுக்கமாட்டார்.

பெண்ணாடத்திலிருந்து ஒரு பெண் வியாழக்கிழமை மருந்துக்கு வந்துகொண்டிருந்தாள். அப்பா சர்க்கரை ஆலையில் எடைமேடை வேலை. பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் ஆனது. மாப்பிள்ளையின் அக்கா மெடிக்கல் கடையில் வேலை பார்ப்பவர். பெண்ணின் கைப்பையில் இருந்த எங்கள் கவரைப் பார்த்தார், படித்தார், புரிந்துகொண்டார். கல்யாணம் நின்றது. இரண்டு வாரம் கழித்து அந்த அப்பா சன்னலுக்கு வந்தார். நான்காக மடித்திருந்த கவரைப் பிரித்துச் சன்னல் திட்டில் வைத்து உள்ளங்கையால் நீவினார். அதில் இருந்தது என் கையெழுத்து.

"நீங்க எழுதினது தப்பில்லம்மா. எழுதாம இருந்திருக்கலாம்" என்றார்.

எனக்குப் பின்னாலிருந்து கனகசபை சார் "எழுதணும்" என்று ஒரே சொல் சொன்னார். அந்த அப்பா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. கவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெண் அதன்பிறகு மருந்துக்கு வரவில்லை.

கனகசபை சார் ஓய்வு பெற்று, சன்னல் என் பொறுப்புக்கு வந்தது. அடுத்த வியாழக்கிழமையே பழக்கத்தை மாற்றினேன். மனநல மருந்துகளுக்கு மட்டும் கவரில் வேளையை எழுதுவேன். மருந்தின் பெயரை எழுதமாட்டேன். உரக்கப் படிப்பதும் நின்றது. "யாராவது கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். மருந்தை விட்டுவிட்டுப் போயிருந்த சிலர் திரும்பி வந்தார்கள். பொங்கலுக்கு ஒரு அம்மா கரும்பு கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஆண்டுகளில் நான் செய்த மிகச் சரியான காரியம் அதுதான் என்று நம்பியிருந்தேன்.

காசிநாதன் அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருவர். செராமிக் யூனிட் ஒன்றில் சூளை எரிப்பவர். சில வருஷங்களுக்கு முன் வேறொரு யூனிட்டில் இருந்தபோது மனம் ஏறிவிட்டது. மூன்று நாள் தூங்காமல், கொலுவுக்கென்று செய்துவைத்த பீங்கான் பொம்மைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார். திட்டக்குடி பஸ்ஸின் கண்டக்டருக்கு ஒரு பிள்ளையார். வேலை போயிற்று. பிறகு லித்தியத்தை மறுபடி தொடங்கி, புது யூனிட்டில் சேர்ந்து, ஆறு வருஷம் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் வேலை பார்த்தார். புது முதலாளிக்குப் பழைய கதை தெரியாது.

சன்னலுக்கு வந்தால் கையை நீட்டிக்கொண்டே வருவார், சீட்டை வைக்கச் சொல்லி. "சூளை ஆயிரத்து இருநூறு டிகிரி மேடம். நம்ம மண்ட அதவுட கொஞ்சம் கம்மி. அப்புடியே வெச்சிருங்க" என்பார்.

சூளையில் நிற்கிற நேரமெல்லாம் கன்னத்தில் புகையிலை. அங்கேதான் புண் வந்தது. ஆறாத புண்ணைச் சோதித்துப் பார்த்துப் புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வாய்ப் புற்றுநோய், ஆரம்ப நிலையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, கதிர்வீச்சு கொடுத்தால் குணமாக வாய்ப்புண்டு என்றார்கள். இதை அவர் மனைவி தெய்வானைதான் வந்து சொன்னார். காலை பாசஞ்சரில் போய்வர முடியவில்லை, அங்கேயே ஒரு சத்திரத்தில் தங்கியிருக்கிறோம், கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்றார். முப்பத்துமூன்று நாள் வைக்க வேண்டுமாம்.

வரிசை நீளமாக இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றே ஒன்று: ஊர்விட்டு ஊர் போன அலைச்சலில் லித்தியத்தை விட்டுவிடப் போகிறார், சிகிச்சையின் நடுவில் மனம் ஏறிவிட்டால் யார் பிடிப்பது. "என்ன ஆனாலும் இந்த மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க" என்று இரண்டு முறை சொன்னேன். தொண்ணூறு மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். அடுத்த மாதமும் தெய்வானை தனியாகத்தான் வந்தார். மறுபடி தொண்ணூறு. கையைப் பார்க்காமல் இரண்டாவது மாதம் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் நினைவில் இருந்தது. கதிர்வீச்சில் இருக்கிறவரை எப்படி வரச் சொல்வது என்று நினைத்தேன்.

மூன்றாவது மாத வியாழக்கிழமைதான் நான் தொடக்கத்தில் சொன்ன காலை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். காசிநாதன் பாதியாகியிருந்தார். கன்னமும் கழுத்தும் கருத்துத் தோல் உரிந்திருந்தது. ஒரு ஓ.பி. சீட்டை எடுத்து அவர் விரல்களின்மேல் வைத்தேன். அது நிற்கவே இல்லை, கீழே விழுந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

புதுச்சேரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"மூளைக்கிப் போயிருக்கும்னாங்கக்கா. ஸ்கேன் எடுத்துப் பாக்கணும், நாலு நாள் ஆவும்னாங்க. நிக்க முடியலன்னு கரண்டயும் நிறுத்திட்டாங்க. இனிமே அங்க எதுக்குன்னு வூட்டுக்கே கூட்டியாந்துட்டேன்."

பேச்சு எப்போதிலிருந்து குழறுகிறது என்றேன். வாயெல்லாம் புண்ணாயிற்றே, அதனால் என்று நினைத்தாராம். தள்ளாட்டம்? சாப்பிடாத பலவீனம் என்று நினைத்தாராம். முந்தின நாள் ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கி நடக்கும்போது டீக்கடையில் யாரோ, "காசி விடியறதுக்குள்ளயே ஏத்திட்டாண்டா" என்று சிரித்திருக்கிறார்கள். காசிநாதன் குடித்ததே கிடையாது.

அதற்குப்பின் நான் கேட்ட கேள்விகளையும் தெய்வானை சொன்ன பதில்களையும் ஒரு கவரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். வலிக்கு மாத்திரை கொடுத்தார்களா? கொடுத்தார்கள், வேளைக்கு ஒன்று, மூன்று வேளை. அட்டையைக் காட்டினார், டைக்ளோஃபினாக். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார்? விழுங்க முடிவதில்லை, நாளைக்கு ரெண்டு டம்ளர் இறங்கினால் பெரிது. சாப்பாடு? கஞ்சி.

"உப்பு போடுறீங்களா?"

"எப்புடிக்கா போடுறது. ஒரு கல்லு போட்டாக்கூடத் தீயாட்டம் எரியுதுன்னு அழுவுறாரு. உப்பில்லாமத்தான் அஞ்சு வாரமா. அவரு அப்புடிக் குடிக்கயில நமக்கு மட்டும் என்னன்னு நானும் அதத்தான் குடிக்கிறேன்."

உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லியிருந்தார்கள். கொப்பளித்துத் துப்பிவிடுவாராம்.

உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் இருக்கிற உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். லித்தியமும் அதற்கு ஒருவகை உப்புதான். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் இன்னும் அதிகமாகப் பிடிக்கும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்து, மிச்சமிருந்த வழியையும் அடைத்துவிடும். ஆறு வருஷம் அவரைக் காப்பாற்றிய அதே மூன்று மாத்திரை, அதே அளவில், ஐந்து வாரமாக உள்ளே தேங்கிக்கொண்டிருந்தது.

மாத்திரையை எப்படி விழுங்கினார் என்றும் கேட்டேன். தெய்வானை பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுத்திருக்கிறார். வாந்தி எடுத்த நாளில் திரும்ப ஒருமுறை பொடித்துக் கொடுத்திருக்கிறார். நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா.

கடைசிக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்டேன். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அங்கே யாரும் விசாரிக்கவில்லையா?

"கேட்டாங்கக்கா, மொத நாளே. கவரக் காட்டினேன். இதுல பேரே இல்லியேம்மான்னாங்க. சத்து மாத்திரன்னு சொன்னேன். நீங்கதான அப்புடிச் சொல்லச் சொன்னீங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. சொன்னதைச் சரியாகச் செய்தவர் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

டியூட்டி டாக்டர் உடனே சலைன் ஏற்றினார். கடலூர் மனநல டாக்டரைச் செல்போனில் பிடித்தோம். லித்தியத்தின் அளவை ரத்தத்தில் பார்க்கும் வசதி எங்களிடம் கிடையாது. ரத்தத்தைக் கழுவும் மெஷினும் கிடையாது. ஆம்புலன்ஸில் மறுபடியும் புதுச்சேரிக்கு. ஏற்றுவதற்கு முன் ஒரு முழுத் தாளை எடுத்து, லித்தியம், முந்நூறு மில்லிகிராம், காலை ஒன்று, இரவு இரண்டு, ஆறு வருஷம் என்று பெரிய எழுத்தில் எழுதி அவர் சட்டையில் ஊக்கால் குத்தினேன். அதைக் குத்தும்போது அவர் கை என் கையில் வந்து வந்து இடித்தது.

ஒன்றரைக்கு மேல் போனாலே விஷம் என்று கொள்ளும் அளவு அவர் ரத்தத்தில் இரண்டு புள்ளி ஒன்பது இருந்தது. இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். நான்காம் நாள் நினைவு தெளிந்தது. மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே ஒன்றுமில்லை. புற்றுநோய் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

லித்தியம் முழுவதும் வெளியே போன பிறகும் நடுக்கம் போகவில்லை. நீண்ட நாள் அந்த அளவில் ஊறிய சிறுமூளை சிலருக்குத் திரும்பி வருவதில்லை. மனநல டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றினார். மனம் நிலையாகத்தான் இருந்தது. கை நடுக்கம், தலை ஆட்டம், பேச்சுக் குழறல் மூன்றும் அப்படியே தங்கிவிட்டன.

கதிர்வீச்சு கொடுக்கும்போது தலை அசையக் கூடாது. அதற்காக ஒவ்வொருவர் முகத்தின் அளவுக்கும் வலைபோல ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்து மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். காசிநாதனுக்கு இருபத்திரண்டு நாள் முடிந்திருந்தது, பதினொன்று பாக்கி. இளைத்துவிட்டதால் பழைய முகமூடி தளர்ந்திருந்தது, புதிதாகச் செய்தார்கள். உள்ளே தலை ஆடிக்கொண்டே இருந்தது. நெற்றிக்குப் பட்டை போட்டுப் பார்த்தார்கள். தூக்க ஊசி போட்டுத் தினமும் செய்ய அவர் உடம்பு தாங்காது என்றார்கள். மூன்று நாள் முயன்றார்கள். மூன்றாவது நாள் அவரே இரண்டு கைகளாலும் தன் தலையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாராம். அந்தக் கைகளால்தான் தலை அதிகம் ஆடியது. பாக்கிப் பதினொன்றும் நின்றுபோயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு. கை சுவரில் இடித்துக் காயமாகிறது என்று ஒரு துண்டால் கட்டில் சட்டத்தோடு தளர்த்திக் கட்டியிருந்தார்கள். நடந்தது முழுவதையும் தெய்வானையிடம் சொன்னேன். கவரில் பெயர் எழுதாதது என் தப்பு என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டது வேறு.

"கஞ்சில உப்பு போட்டிருந்தா இப்புடி ஆயிருக்காதாக்கா?"

"கஞ்சியில ஒண்ணும் இல்ல. மாத்திரதான்" என்றேன். அது முழு உண்மை அல்ல.

கட்டிலிலிருந்து காசிநாதன் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. தெய்வானை குனிந்து காதைக் கொடுத்து, இரண்டாவது முறை சொல்லக் கேட்டு, என்னிடம் சொன்னார்.

"இதுக்காவ இனிமே கவர்ல பேரு எழுதிடாதீங்கன்றாரு. உடம்பு தேறினா அதே யூனிட்டுக்குத்தான் போவணுமாம். மொதலாளிக்குத் தெரிஞ்சா சேத்துக்க மாட்டாராம்."

கதிர்வீச்சு நின்ற நான்காவது மாதத்தில் கட்டி கழுத்துக்கு இறங்கியது. அது மூச்சுக்குழாயை அடைத்ததில் இறந்தார். நாற்பத்தாறு வயது.

நடந்ததை இரண்டு பக்கத்தில் எழுதி டிரஸ்ட் செயலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அவரு கேன்சர்ல போனாரு. நீங்க ஏம்மா நடுவுல போயி நிக்கிறீங்க?" என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கனகசபை சார் அப்போது மகன் வீட்டில் சிதம்பரத்தில் இருந்தார். அவருக்குத் தெரிவிக்கவில்லை. என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பெண்ணாடத்து அப்பா என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

அதற்கடுத்த வியாழக்கிழமை மனநல மருந்து வாங்க வந்தவர்கள் இருபத்தாறு பேர். ஒவ்வொரு கவரிலும் மருந்தின் பெயரை முழுதாக எழுதினேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைக் காட்டுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். வாங்கிக்கொண்டார்கள். சிலர் கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகினார்கள். ஒருவர் மாத்திரைகளைக் கைக்குட்டையில் கொட்டி முடிந்துகொண்டு, கவரை வராந்தாக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

மறு மாதம் வந்தவர்கள் பதினைந்து பேர்.